கம்பெனி கட்டிய சிவப்புத் தாலி

போன வாரம் ஓசூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய கடைக்குப் போர்வை வாங்கப் போனேன். போர்வை மூன்றாவது மாடியில். கீழ்த்தளத்தைத் தாண்டுவதற்குள் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என்னை மறித்துவிட்டாள். டாக்டர் இல்லை, க்ரீம் விற்கிறவள். என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கன்னத்தில் அம்மை வந்து போன மாதிரி சின்னச் சின்னக் குழிகள் உண்டு. "மேம், பிரச்சனை உங்க ஸ்கின்ல இல்ல. உங்க கட் ஹெல்த்ல" என்றாள். கட் என்றால் குடலாம். குடல் ஒழுங்காக இருந்தால் முகம் தானாகப் பளபளக்குமாம். அதற்கென்றே ஒரு டப்பாப் பொடி வைத்திருந்தாள். மூடியைத் திறந்து என் மூக்கில் காட்டினாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் முகத்தை அதே மாதிரி உற்றுப் பார்த்தேன். பவுடருக்கு அடியில் தாடை ஓரமெல்லாம் பரு. "ஏம்மா, காலையிலேருந்து நீ தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன். சிரித்தபடி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க குடிக்கிறது அக்கா... ஸ்டாஃபுக்கு இங்க பாத்ரூம் கிடையாது. ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற காம்ப்ளெக்ஸுக்குப் போவணும். கவுண்டர உட்டுட்டு எப்படிப் போறது?" மேம் போய் அக்கா வந்துவிட்டது, கவனித்தீர்களா? எனக்கு வந்த ஆத்திரத்தில் போர்வையை மறந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வயிற்றெரிச்சல் என்று சொல்வோமே, அது. ஏனென்றால் வயிற்றுக்கும் தோலுக்கும் உள்ள சங்கதி எனக்கு ஆரஞ்சுப் பொடிக்காரர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தொன்பது வயதிலேயே அதை என் மூஞ்சியில் எழுதிக் காட்டியாகிவிட்டது.

அந்த வயதில்தான் மத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கத்தையாகச் சேர்த்து, பலகையில் படுக்க வைத்து, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். ஒரு லைனுக்கு முப்பத்தாறு பெண்கள். கத்தைகள் பலகைக்குப் பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி கையை எடுத்தால் அடுத்தவளுக்கு வேலை தேங்கிவிடும். அந்த டேப்பின் பசை வாசனை சோற்றுக் கையிலும் வரும். இன்றைக்கும் எலக்ட்ரிஷியன் யாராவது வீட்டில் டேப்பைக் கிழித்தால் எனக்கு உடனே கீழ்வயிறு முட்டுகிறது. சிரிக்காதீர்கள், சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

காரணம், சிவப்பு அட்டை. முப்பத்தாறு பேருக்கு ஒரே ஒரு அட்டை. பாத்ரூம் போகிறவள் அதைக் கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லோரும் பார்க்க நடந்து போக வேண்டும். அவள் திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். கழுத்தில் ஏறுகிற சமாச்சாரம் என்பதால் அதற்கு நாங்கள் வைத்த பேர் தாலி. "ஏய், தாலி யாருகிட்ட கீது?" "இன்னும் எத்தன பேருக்குடி தாலி ஏறணும்?" கல்யாணமாகாத முப்பத்தாறு குமரிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தாலி தாலி என்று முனகிக்கொண்டிருப்போம். சூப்பர்வைசர் முறைப்பார். அவருக்கு அட்டை கிடையாது. நினைத்தபோது போவார், வருவார், வெளியே நின்று டீயும் குடித்துவிட்டு வருவார்.

அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அரை டம்ளர் காப்பி, அதோடு சரி. பெரிய காரியத்துக்கோ பேச்சே கிடையாது. ஹாஸ்டலில் விடியற்காலையில் ஒரு பாத்ரூம் முன்னால் பதினெட்டுப் பேர் வாளியோடு நிற்பார்கள். உள்ளே போனவுடன் கதவைத் தட்டுவார்கள். கம்பெனி பஸ் ஆரன் அடிக்கும். வர இருந்ததும் வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். ஊரில் ஒழுங்காக இருந்தாயா என்று கேட்டால், அதுவும் இல்லை. ராகிக் களி தின்று தங்கமாக மின்னினோம் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பொழுது சாய்கிறவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான். பயிற்சி எனக்கு ஐந்து வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. கம்பெனி அதற்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்டது, அவ்வளவுதான்.

கேன்டீனைப் பற்றிச் சொல்லவில்லையே. வெள்ளைச் சோறு, தண்ணிச் சாம்பார், வாரத்தில் நாலு நாள் உருளைக்கிழங்கு. சாயங்காலம் சோடா உப்பு போட்டுப் பொங்க வைத்த போண்டா. கீரை என்ற ஒன்றை அந்தத் தட்டில் நான் பார்த்ததே இல்லை. கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் விளைந்த கீரையெல்லாம் எங்களைத் தாண்டித்தான் தினமும் லாரியில் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் என் முகம் வெடித்தது. கன்னம், நெற்றி, தாடை, சீழ் வைத்த கட்டிகள். எனக்கு மட்டுமா? லைனில் பாதிப் பேருக்கு. அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஓசூர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் ஒருத்தி. உடம்புச் சூடு என்றாள் இன்னொருத்தி. ஹாஸ்டல் வார்டன் அம்மாவோ, "மனசுல எவனயாவது நெனச்சுக்கினு இருந்தா இப்படித்தான் மூஞ்சியில வரும்" என்றார். நாசமாய்ப் போக! நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு காலியான பாத்ரூமை. வயிறு எப்படியிருக்கிறது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அஞ்சு நாளாச்சு, ஆறு நாளாச்சு என்று ஒரு குமரிப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மஞ்சுளாவிடம் சொன்னேன். பக்கத்துப் பலகை அவளுடையது. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிக்காரி. வீட்டில் அம்மாவோடு கன்னடம், அப்பாவோடு தெலுங்கு, எங்களோடு ஒரு மாதிரித் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். என்னைவிட ஒரு வயது பெரியவள். அவளுக்கு என்னைவிட மோசம். இரண்டு கன்னமும் சிவந்து, தொட்டால் வலிக்கும். அத்திப்பள்ளியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, முகத்துக்கு வைத்தியம் பண்ணிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று போயிருந்தார்கள். அதற்காகப் பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்து, தோல் வெந்து போய் வந்தாள். "ஏனே... என்னடி, உனக்கும் போவறதில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து யாரோ கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். தரையைக் கழுவினார்கள், செடி வாங்கி வைத்தார்கள், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். லைனின் முதல் பலகை என்னுடையது. உள்ளே நுழைந்ததும் நான்தான் கண்ணில் படுவேன். வேலைக்கு ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, முகத்தை விட்டு அரையடி தள்ளி நின்று பேசினார். "தொத்து நோய் மாதிரி இருக்குதே. டாக்டர் சர்டிபிகேட்டோட வா. இல்லேன்னா வராத."

வேலை போனால் ஊர். ஊரில் அத்தை மகன் ரெடியாக இருந்தார், முப்பத்தைந்து வயதில். அதனால் ஓடினேன் அரசு ஆஸ்பத்திரிக்கு.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "டெய்லி வெளிய போறியாம்மா?" என்றார். "இல்ல மேடம், ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்" என்றேன். நர்ஸ் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரும் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பருவுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, தூக்கமில்லாதது இருக்கு. ஆனா வயித்த இந்த நெலமையில வச்சுக்கிட்டு மேல எதத் தடவினாலும் வீண். முப்பத்தாறு பேருக்கு ஒரு அட்டையா? மாட்டக் கூட வேணுங்கிறப்ப தொட்டியில குடிக்க உடுவாங்களே!" என்று கத்தினார். என்னைத்தான் திட்டுகிறாரோ என்று நான் பயந்துபோனேன். என் பக்கம் நின்று ஒருவர் கோபப்படுவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

தொற்று நோய் இல்லை, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். கம்பெனி அதைப் படித்தது. முப்பத்தாறு பேருக்கும் பொருந்துகிற கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தது தெரியுமா? என் பேர் போட்டு எனக்கு மட்டும் இன்னொரு அட்டை அடித்துக் கொடுத்தது! "உனக்கு மட்டும் சொந்தத் தாலி" என்று லைனே கைகொட்டிச் சிரித்தது.

தண்ணீர் குடித்தேன். போனேன், வந்தேன். ஹாஸ்டல் பக்கத்துத் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றேன். டாக்டர் கொடுத்த மருந்தையும் போட்டேன். ஒன்றரை மாதத்தில் கட்டிகள் வற்ற ஆரம்பித்தன. மஞ்சுளா தினமும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள், "உன் தாலிய கொஞ்சம் கொடே" என்றாள். கொடுத்தேன். பிறகு அவளுக்கு அடுத்தவள் கேட்டாள். அவளுக்கும் கொடுத்தேன். பிறகு கேட்பதே நின்று போய், என் பலகை ஓரத்தில் தொங்கும் அட்டையை அவரவர் எடுத்துப் போனார்கள். பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த ஆயாவம்மா, வருகிறவள் முகத்தைப் பார்க்க மாட்டார். அட்டையில் இருக்கும் பேரை நோட்டில் எழுதுவார். அவர் நல்ல மனுஷி என்றுதான் நினைக்கிறேன்.

நோட்டு மாட்டிக்கொண்டது. ஒரே நாளில் நான் பத்தொன்பது தடவை போயிருந்தேன். பர்சனல் ஆபீசர் லைனை நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். "பத்தொம்பது தடவ! உனக்கு பேதியா, இல்ல எங்களுக்குக் காது குத்துறியா? எவ எவ போனா? பேரச் சொல்லு. சொல்லலைன்னா நீ இன்னைக்கே ஊருக்கு பஸ் ஏறலாம்."

நான் பலகையில் கிடந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்துநாலு தலைகள் குனிந்திருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்தது. "நானூ ஹோகித்தே" என்றாள் மஞ்சுளா. நானும் போனேன் என்று அர்த்தம். பதற்றத்தில் கன்னடம்தான் வந்திருக்கிறது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எழுந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "இவளுக்கு நீ குடுத்தியா?"

இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நேரம் கேன்டீன், கொய்யாப்பழம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது இது: "எனக்குத் தெரியாது சார். நான் இங்க மாட்டி வச்சிருந்தேன்."

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் வாயில் மூன்று பாஷையும் இருந்தது, ஒன்றும் வரவில்லை. அடுத்தவள் அட்டையைத் திருடினாள் என்று எழுதி, அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். மூத்திரம் போனதற்குத் திருட்டுப் பட்டம்! அந்த ஆபீசரை இன்று ரோட்டில் பார்த்தால் சட்டையைப் பிடிப்பேன். ஆனால் அவர் கேட்டது ஒரு கேள்விதான். பதில் சொன்னது நான்.

அவளைத் தேடிப் போக எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் ஜூஜுவாடியில் வீட்டுக்கு அடையாளமாக அவள் சொன்ன அரிசி மில்லையும் காணோம், அதன் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளையும் காணோம். லாரி நிறுத்துகிற இடமாகியிருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். எந்த மஞ்சுளா, அப்பா பேர் என்ன என்றார்கள். அப்பா பேரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியும் இப்போது இல்லை. ஷெட்டை இடித்து ஒன்பது மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று பாத்ரூம் என்று போட்டிருந்தது.

என் முகத்தில் குழிகள் மட்டும் மிச்சம்; மற்றபடி எப்போதோ தெளிந்துவிட்டது. மஞ்சுளாவுக்கும் தெளிந்திருக்கும், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எங்கோ நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் இரண்டு கன்னமும் சிவந்து வீங்கிய அந்த இருபது வயது முகம்தான் வருகிறது. அது ஆறி நான் பார்க்கவே இல்லை.