ரப்பர் வளையல் அக்கா

"இருங்க இருங்க, உங்க கதை அப்புறம். மேல் வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு முதல்ல நீங்க சொல்லுங்க" என்கிறார் அக்கா, இடது மணிக்கட்டில் கிடக்கும் ரப்பர் பேண்டுகளில் ஒன்றை இழுத்து விட்டபடி. சுளீர். மேல் வீட்டுக்காரர் சொன்னதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? என் குளியலறைக் கூரையில் சொட்டுவது அவர் வீட்டுத் தண்ணீர். ஆனால் அக்காவின் மேஜையில் அதுதான் சட்டம். எதிராளியின் குறையை நம் வாயால் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, இதான் நான் சொன்னது" என்று தலையாட்டும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகுதான் நம் முறை. அன்றைக்கு எனக்கு நாலு தடவை ஆயிற்று. நாலாவது தடவை சொல்லி முடித்தபோது, அவர் போன மாதம்தான் போட்ட தரைக்கல்லை உடைக்கச் சொல்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

எங்கள் அடுக்குமாடியில் எழுபத்திரண்டு வீடுகள். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அக்காதான் செயலாளர், எதிர்த்து நிற்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. நான் துணைச் செயலாளர். நான் போகாத ஒரு கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தகராறு பேச, கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. சண்டைக்காரர்கள் எதிரெதிரே உட்காரக் கூடாது. ஒரே பக்கம், தோளோடு தோள், சுவரைப் பார்த்து. சுவரில் தீயணைப்பு உருளை ஒன்று தொங்குகிறது. "மூஞ்சியப் பாத்தா பழசெல்லாம் ஞாபகம் வரும். அந்தச் சிவப்பப் பாத்துப் பேசுங்க" என்பார்.

குடும்ப நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தவர். "அங்க அடுத்தவங்க சொன்னத யாருமே கேட்டதில்ல தம்பி. நான் ஒருத்திதான் கேட்டேன்." புகார்க் காகிதங்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டி வைப்பார். வழக்கு தீர்ந்ததும் காகிதம் குப்பைக்கு, பேண்டு மணிக்கட்டுக்கு. கார் நிறுத்துவது, நாய் குரைப்பது, பால்கனியில் ஈரத்துணி என்று எங்கள் அத்தனை அற்பத்தனமும் அவர் கையில் வளையலாகக் கிடக்கிறது. அவர் மனசு சரியில்லை என்றால் அது நிமிடத்துக்கு நாலு தடவை சுளீரென்று அடிக்கும். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கு இந்த இரண்டு மாதமாக அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அழைப்புமணி அடித்தால் வீட்டுக்காரர்கள் கதவைக் கால்வாசி திறந்து, "அக்கா, சங்கமா, சாவா?" என்று கேட்பார்கள். சங்கம் என்றால் உள்ளே நாற்காலி. சாவு என்றால், "அடுப்புல வெச்சிருக்கேன்." குணமாக வழியில்லாத நோயில் கிடப்பவர், சுயநினைவோடு தானே கேட்டால், மருத்துவர் துணையோடு விடைபெற இடம் தரும் சட்டம் வேண்டும் என்று அக்கா மனு எழுதிக் கையெழுத்து சேர்க்கிறார். ஆறு வருடமாக. அவருடைய அம்மா பதினொரு மாதம் பின்னறையில் கிடந்து, தினமும் "போதும்டி" என்று சொல்லிச் சொல்லிப் போனவர். "ஊர்ல இருக்கறவன் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதினேன். எங்கம்மா சொன்னத எழுதிக் குடுக்க மட்டும் ஒரு இடம் இல்ல."

மனுவோடு, 'இந்தச் சட்டம் எனக்கும் வேண்டும்' என்று நோயாளிகளே கேட்கும் தனிப் படிவம் ஒன்று உண்டு. அதன் விதியை எழுதியவரும் அக்காதான். நோயாளி தன் கையாலேயே பெயர் எழுத வேண்டும். கைநாட்டு செல்லாது. இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. "நாளைக்கு எவனாவது, பொண்டாட்டியே கையப் பிடிச்சு அழுத்திட்டாள்னு கிளப்பி விடுவான்" என்றார். அப்போது அவர் கணவர் ஆரோக்கியமாக இருந்தார். நில அளவையராக வேலை பார்த்தவர். சபாஷ் சொல்லி, கையெழுத்துக்கான கட்டத்தை அளவுகோல் வைத்துத் தானே போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் இடது கையிலிருந்து கரண்டி விழுந்தது. நரம்பு நோய். பிறகு கால்கள், சக்கர நாற்காலி. இப்போது வலது கை. "எழுதற வேலை ஏதாவது இருந்தா இந்த மாசத்துக்குள்ள முடிச்சுக்குங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று மாலையே அளவையர் படிவம் கேட்டார். அக்கா, "நாளைக்கு" என்றார். மறுநாள் படிவம் தீர்ந்துபோயிற்று. அதற்கு மறுநாள் அச்சு இயந்திரத்தில் மை இல்லை. அவர் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் வெற்றுப் படிவம் ஒரு கட்டு கிடந்ததை நானே பார்த்தேன். எழுபத்திரண்டு கதவையும் மும்மூன்று தடவை தட்டியவர், சொந்தப் படுக்கையறையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

அளவையர் பழைய சங்க அறிவிப்புகளின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகினார். பேனா தரையில் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். காலையில் ஒரு தடவை விழுந்தது, நாலு தடவை ஆயிற்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுக்கப் போகலாமா என்று கதவுவரை போய்த் திரும்புவேன். நான் ஒரு கோழை.

போன வாரம், காவலாளியிடம் இருக்கும் புகார்ப் புத்தகத்தில் புதிதாக ஒன்று வந்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு மூன்று வரியைப் பிடித்திருந்தன. 'செயலாளர் எனக்குப் படிவம் தர மறுக்கிறார். நடவடிக்கை எடுக்கவும். மூன்றாம் மாடி, கிழக்கு வீடு.' காவலாளிதான் புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாராம். "சார் அரை மணி நேரம் எழுதினார். வேர்த்துக் கொட்டிருச்சு" என்றார். செயலாளர் மேலேயே புகார் என்றால் விசாரிக்க வேண்டியவர் துணைச் செயலாளர். இருக்கிற கொஞ்சநஞ்ச எழுத்தையும் மனிதர் இதில் செலவழித்துவிட்டாரே என்று அழுகை வந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள், நாற்காலியும் சக்கர நாற்காலியும் உரச. நான் தொடங்கினேன். "அக்கா, சார் என்ன சொல்றார்னு நீங்க சொல்லுங்க."

சுளீர். "அவருக்கு வலி தாங்கல. அதான் அவசரப்படறார்."

"இல்ல" என்றார் அளவையர். நாக்குக் குழறினாலும் சொல் தெளிவு.

"எனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறார்."

"அதுவும் இல்ல. செயலாளரம்மா, உங்க சொந்தச் சரக்கச் சேக்காதீங்க."

பக்கத்து அறையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. அது நிற்கும்வரை காத்திருந்தோம். அக்கா சிவப்பு உருளையையே பார்த்தார். பிறகு, நீதிமன்றத்தில் வாசித்துக்காட்டுவது போல, ஏற்ற இறக்கமில்லாமல், கணவரின் இடத்திலிருந்து சொன்னார்: "நான் இன்னிக்கே சாகக் கேக்கல. சட்டமே இன்னும் வரல. என் கை என்னோடதா இருக்கும்போதே என் பேர நான் எழுதணும். ஊரையெல்லாம் வீடு வீடாப் போயிக் கேட்ட. என்னை மட்டும் நீ கேக்கவே இல்ல."

"ஆமா. இதான் நான் சொன்னது."

இப்போது அக்கா மனசில் இருப்பதைச் சொல்வது அளவையரின் முறை. "இவளுக்குப் பயம்" என்றார். "கையெழுத்துப் போட்டா மறுநாளே நான் போயிடுவேன்னு."

அக்கா தலையாட்டவில்லை.

அளவையர் திருத்திச் சொன்னார். "எனக்குப் போட வராதோன்னு பயம். பேனா விழும். எழுத முடியாமப் போச்சுன்னு அன்னிக்கு இவளுக்குத் தெரிஞ்சுடும். அத இவ பாக்கணும்."

அக்காவால் "ஆமா" சொல்ல முடியவில்லை. தலை மட்டும் அசைந்தது. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த படிவத்தை எடுத்து விரித்தார். மடிப்புகள் நைந்திருந்தன. அது எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.

அளவையர் பேனாவை எடுத்தார். நழுவியது. மறுபடி எடுத்தார். மேஜையில் உருண்டு என் பக்கம் வந்தது. பிடித்துக்கொள்ளலாமா என்று கை நீட்டிவிட்டேன்.

"தொடாதீங்க தம்பி" என்றார் அக்கா.

மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டுகளைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றாகப் பேனாவில் சுற்றினார், கார், நாய், ஈரத்துணி, என் குளியலறைக் கூரை எல்லாவற்றையும். பேனா கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. அவர் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் மட்டும் மிச்சம். தன் விரல்களில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, கணவரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.