மணியின் நாக்கு

முதல் நடைக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போது ஹாலினா ஸ்டாகுரா படகின் மேல்தளத்துக்கு ஏறுவாள். நாற்காலிகளில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல ஒரு சுற்று வருவாள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், பசுவின் முகம் வார்த்த பித்தளை மணி ஒன்று தொங்கும். அதனடியில் வந்ததும் நின்று, கையை உள்ளே விட்டு, கொக்கியிலிருந்து நாக்கைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். பிறகுதான் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றுவாள். கடைசி நடை முடிந்து கூட்டம் இறங்கியதும் மறுபடி ஏறி, நாக்கை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். "கம்பெனி சாமான். எடுத்துக்கிட்டுப் போயிட்டாள்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது" என்பாள்.

வயது அறுபத்து மூன்று. சிகாகோ ஆற்றில் படகில் நின்றுகொண்டு ஊரின் கதையைச் சொல்வது அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. மைக் இல்லாமலே அக்கரைக்குக் கேட்கும் குரல். கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். நூற்றுப்பத்து மாடிக் கோபுரத்துக்குப் புதுப் பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் வாயில் அது இன்னும் சியர்ஸ் கோபுரம்தான். அவளென்ன, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். "பேர மாத்துறதுக்கு முன்னாடி எங்களக் கேட்டானா? அப்ப நான் ஏன் அவனக் கேக்கணும்?" சாசேஜ் ரொட்டியில் ஊர் வழக்கத்துக்கு விரோதமாகத் தக்காளி சாஸ் ஊற்றித் தின்றுகொண்டே யாராவது படகில் ஏறினால், அந்த நடை முழுக்க அந்த ஆளின் பக்கம் திரும்ப மாட்டாள். நேப்பர்வில் மாதிரிப் புறநகரில் வீடு வாங்கிக்கொண்டு, வெளியூரில் போய் "எனக்குச் சிகாகோ" என்று சொல்லிக்கொள்பவர்களையும் அவளுக்கு ஆகாது. இதெல்லாம் பொழுதுபோக்குக் கோபம். கேப்டன் ஓட்டிஸ் கெய்ன்ஸ் சுக்கானைப் பிடித்தபடி ரசித்துச் சிரிப்பார். அவளுக்கும் உள்ளுக்குள் சிரிப்பு இருக்கும்.

மாட்டு விஷயம் அப்படியல்ல. அதை எடுத்தால் அவளுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

1871 அக்டோபரில் இந்த ஊர் எரிந்தது. இரண்டு நாளில் முந்நூறு உயிர் போயிற்று. ஒரு லட்சம் பேர் தெருவில் நின்றார்கள். டி கோவன் தெருவில் ஐந்து மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த கேத்தரின் ஓலியரி என்ற ஐரிஷ்காரி, இரவில் பால் கறக்கப் போனாளாம். மாடு விளக்கை உதைத்ததாம். தீ அதில் பிடித்ததாம். ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். இருபத்திரண்டு வருஷம் கழித்து, அது நாங்களாகக் கட்டிவிட்ட கதைதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். நூற்று இருபத்தாறு வருஷம் கழித்து நகரசபை கூடி, அந்தம்மாள்மீது குற்றமில்லை என்று தீர்மானமும் போட்டது. ஆனாலும் இன்றைக்கும் இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அந்த மாடு ஒன்றுதான்.

"நாக்குல நரம்பில்லாம ஒருத்தன் எழுதிட்டான். மூணு மாசமா மழை இல்ல, ஊரு பூரா மரவீடு, நடைபாதைகூட மரப்பலகை. கோபுரத்து மேல காவலுக்கு நின்னவன் தீ எரியுற இடத்தையே தப்பாப் பாத்து, வண்டிய வேற எங்கயோ அனுப்பினான். அவன் பேரு யாருக்காவது தெரியுமா? தெரியாது. எரிஞ்சது அவன் கண்ணு முன்னாடி. கெட்ட பேரு பால்காரிக்கு."

நீ ஐரிஷ்காரியா என்று கேட்காத ஆளில்லை. கேட்டால் இன்னும் எரிந்து விழுவாள். அவள் போலிஷ் வம்சம். "ஏன், சொந்தக்காரியா இருந்தாத்தான் கேக்கணுமா?" அவளுடைய அப்பா இந்த ஊரின் மாட்டுக்கிடங்கில் வேலை பார்த்தவர். 1971இல் கிடங்கை மூடும்வரை, இறக்கிவிடும் மாடுகளைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான் அவர் தொழில். பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஓலியரி மாட்டுக் கதையைப் பத்து வயதில் வீட்டில் வந்து சொன்னபோது, அவர் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரி ஒம்பது மணிக்கு எவ பால் கறப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அவளோடு ஒட்டிக்கொண்டது.

இந்த மணி வந்தது மே மாதத்தில். முதலாளியின் மருமகன் பிரென்ட் கோல்பி, நேப்பர்வில்காரன், மேலாளராக வந்ததும் செய்த முதல் காரியம். படகு தெற்குக் கிளையில் போய்த் திரும்புகிற இடத்திலிருந்து டி கோவன் தெரு கூப்பிடு தூரம். அங்கே மாட்டுக் கதையைச் சொல்லி, கயிற்றை இழுத்து மணியடிக்க வேண்டும். பயணிகள் எல்லோரும் சேர்ந்து மாடுபோல் கத்த வேண்டும். மற்றப் படகுகளில் கத்தினார்கள். ஹாலினாவின் படகில் மட்டும் மணி பேசவில்லை. "மாடு எங்கே?" என்று பயணிகள் இணையத்தில் எழுதிவைத்தார்கள். பிரென்ட் இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தான். மூன்றாவதுக்குக் கடிதம் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று இரண்டாவது கடிதத்திலேயே இருந்தது.

அவளுக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்தும் கண் வைத்தியமும் கம்பெனிக் காப்பீட்டில் ஓடுகின்றன. அறுபத்தைந்து ஆனால் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். இன்னும் இரண்டு பருவம் இந்தப் படகில் நின்றால் போதும்.

"ஒரு தடவ இழுத்துட்டுப் போயேன், ஹாலினா" என்றார் ஓட்டிஸ். "எந்த மாடு வந்து உன்னக் கேக்கப்போவுது?"

"மாடு கேக்காது. அந்தம்மா கேக்கும்."

"அது செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"செத்தவங்கன்னா என்ன வேணா சொல்லலாமா? உங்கம்மாவப் பத்தி யாராவது மைக்குல சொன்னா நீ மணியடிப்பியா?"

ஓட்டிஸ் துணியை எடுத்துச் சுக்கானைத் துடைக்கத் தொடங்கினார்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, இரண்டு மணி நடைக்குப் பிரென்ட் தானே ஏறினான். மேல்தளத்தில் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எதற்கு வந்திருக்கிறான் என்று ஹாலினாவுக்கும் தெரியும், கீழே சுக்கானைப் பிடித்திருந்த ஓட்டிஸுக்கும் தெரியும். கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் மணி நாக்கைத் தடவிப் பார்த்தன. மேலே போய் மாட்டுவதற்கு நேரம் இருந்தது. அவள் போகவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னதுபோல் அதற்குமுன் சொன்னதில்லை என்று ஓட்டிஸ் இப்போதும் சொல்கிறார். மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்கும் இரட்டைக் கோபுரத்தில் கீழ்மாடிகளில் காரும் மேல்மாடிகளில் மனிதர்களும் குடியிருப்பதைச் சொன்னாள். ஊர்ச் சாக்கடையெல்லாம் ஆற்றில் விழுந்து, ஆறு ஏரியில் விழுந்து, அந்த ஏரித் தண்ணீரையே ஊர் குடித்துச் செத்த கதையைச் சொன்னாள். கால்வாய் வெட்டி, ஏரிக்குப் போன ஆற்றை எதிர்ப்பக்கம் ஓடவிட்டதைச் சொன்னாள். நூற்றைம்பது பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சியர்ஸ் கோபுரம் என்றபோது உள்ளூர்க்காரர்கள் கைதட்டினார்கள். பிரென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு திரும்பத் தொடங்கியது. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இங்க யாராவது மாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

மூன்றாவது வரிசையில் பச்சைத் தொப்பி வைத்த ஒரு பெரிய ஆள் கையைத் தூக்கினார். விஸ்கான்சின்காரர். எண்பது உருப்படி வைத்திருக்கிறாராம்.

"எத்தன மணிக்குக் கறப்பீங்க, ஐயா?"

"காலையில அஞ்சு, சாயங்காலம் அஞ்சு."

"ராத்திரி ஒம்பது மணிக்கு?"

"ஒம்பது மணிக்குத் தொழுவத்துக்குப் போனா, மாடு ஒதைக்காது. எம்பொண்டாட்டி ஒதைப்பா."

படகே சிரித்தது. ஹாலினாவும் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: கேத்தரின் ஓலியரி அன்றைக்குக் கால் வலியோடு படுக்கையில் இருந்தாள். விசாரணையில் சத்தியம் பண்ணிச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. நாற்பது சொச்சம் வயதுக்காரியை எழுபது வயதுச் சூனியக்காரி என்று எழுதினார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் வாசலில் பத்திரிகைக்காரர்கள் வந்து நின்றார்கள். இருபத்து நான்கு வருஷம், கோயிலுக்குப் போவதைத் தவிர அவள் வெளியே தலைகாட்டவேயில்லை. அப்படியே செத்தாள். "ஆத்தையே திருப்பிவிட்ட ஊரு இது. ஒரு பால்காரி மேல விழுந்த பழியத் திருப்ப முடியலையா நமக்கு?"

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஹாலினாவுக்குத் தோன்றியது. அந்தக் கணம் அவள் முகத்தில் அது தெரிந்தது.

பிரென்ட் கயிற்றை இழுத்தான். மணி ஆடியது, சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தான். குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு நிமிர்ந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அவனே ஒரு மாடாகக் கத்தினான். "ம்மாஆ."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் கத்தினார். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர், மேல்தளம் முழுக்கக் கத்தியது. கண்ணாடி துடைத்தவளும் கத்தினாள். இரண்டு கரையிலும் கட்டடங்களில் பட்டு அது திரும்பிவந்தது. ஹாலினா விஸ்கான்சின்காரரைப் பார்த்தாள். அவர் தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விட நன்றாக, நிஜ மாடு மாதிரியே கத்திக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கொஞ்சம் கூசிப்போய், "சும்மா வெளையாட்டுக்குத்தானேம்மா" என்றார்.

"இருபத்து நாலு வருஷம்" என்றாள் அவள். "நல்ல வெளையாட்டு."

மைக்கை அணைத்து நாற்காலியின்மேல் வைத்துவிட்டாள். பிரென்ட் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஹாலினா, இங்க பாருங்க. எனக்கும் உங்கள அனுப்பணும்னு ஆசையில்ல. மைக்குல ஒரே ஒரு தடவ ம்மான்னு சொல்லிடுங்க. நானும் எல்லாத்தையும் மறந்துடறேன்."

அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். ஊசி மருந்து நினைவுக்கு வந்திருக்கும். கண் வைத்தியமும் வந்திருக்கும். போய்க் கடைசி வரிசையில், ஒரு காலி இருக்கையில், டிக்கெட் வாங்கியவளைப்போல உட்கார்ந்துகொண்டாள். திரும்பும் வழி நெடுக ஊர்க்கதை சொல்ல ஆளில்லை. ஒருவர் ஒரு கட்டடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பிரென்டுக்குத் தெரியவில்லை.

கட்டுத்துறையில் கூட்டம் இறங்கி முடிந்தது. பிரென்ட் கையை நீட்டினான். பெயர்ப் பட்டையையும் தொப்பியையும் கொடுத்தாள். ஓட்டிஸ் கீழே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படியில் ஒரு கால் வைத்தபடி நின்றார்.

"இந்த மணிய என்ன பண்ணி வச்சீங்க?" என்று கேட்டான் பிரென்ட்.

அவள் கோட்டுப் பையிலிருந்து நாக்கை எடுத்தாள். அவன் கையில் கொடுக்கவில்லை. தானே போய் மணிக்கடியில் நின்றாள். ஒரு சத்தமும் வந்துவிடாதபடி இடது கையால் அந்தப் பசுவின் முகத்தை இறுகப் பொத்திக்கொண்டு, வலது கையால் நாக்கைக் கொக்கியில் மாட்டினாள். அது ஆடி ஓயும்வரை கையை எடுக்கவில்லை.