அப்கிரேடு அத்தானும் பின்சக்கரமும்

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான்: ஒழுங்காக ஓடும் சாமான் எதுவும் புருஷன் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அவர் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலங்களில் போனில் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆனவர். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று அதைக் கூரையோடு பேர்த்தெடுத்தார். தண்ணீர் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் வைத்தார். அது மழை பெய்தால் மட்டும் ஓடியது. அவள் தம்பி அவரை ‘அப்கிரேடு அத்தான்’ என்பான். அவர் அதையும் பட்டமாகவே வாங்கிக்கொண்டார்.

இந்த விடுமுறையில் அவள் ஓட்டிப் பிழைக்கும் பள்ளி வேன் அவர் கையில் சிக்கியது. பின்சக்கரத்தில் ட்ரம் பிரேக்காம், கற்காலமாம். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ட்ரம் இரண்டையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் மாட்டியிருந்தார். மறுநாள் பள்ளி திறக்கிறது. வண்டி போகாவிட்டால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடும்.

“மிதி,” என்றார் வண்டிக்கடியிலிருந்து.

மிதித்தாள். பெடல் பஞ்சாக உள்ளே போனது.

“குழாய்ல காத்து இருக்கு. எடுத்துடலாம்.”

கால் மரத்துப்போகும்வரை மிதித்தாள். காற்று போனபாடில்லை. தம்பி வந்து குனிந்து பார்த்தான். இடது பக்கத்துக் காலிப்பர் வலது பக்கம், வலது பக்கத்தது இடது பக்கம். காற்றை வெளியேற்றும் திருகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அத்தான், காத்து மேலதான் போகும். அது உங்க வீடியோவ எல்லாம் பாக்கறதில்ல.”

“தெரியும். நீ கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்.”

மாற்றி மாட்டியதும் பெடல் கெட்டியானது. தெருமுனைவரை ஓட்டினாள், பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டு முன் சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். லீவர் லொடலொடவென்று கையோடு வந்தது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் நழுவியது. மறுபடி மிதித்துக்கொண்டே கேட்டாள்:

“ஹேண்ட் பிரேக் எங்க?”

“அது... ட்ரம்முக்குள்ளதான் இருந்துச்சு.”

“இப்ப?”

“இந்தக் காலிப்பர்ல கேபிள் மாட்ட இடம் இல்ல. ஸ்போர்ட்ஸ் மாடல்.”

பள்ளி வாசல் மேட்டில் இருக்கிறது. அங்கே ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கித்தான் சின்னதுகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்து இறக்குவாள்.

“டயருக்கு ஒரு கல்லு வச்சுக்கயேன்,” என்றார்.

“சரி, கல்ல வைங்க, நான் இறங்கறேன். நீங்க வண்டிக்குப் பின்னாடி போய் நில்லுங்க.”

கல்லை வைத்தார். பின்னால் போகவில்லை, நைசாகச் சுவரோரம் ஒதுங்கினார்.

அவளுக்கு அது போதும். வண்டியைக் கியரில் போட்டு அணைத்துவிட்டு, பெற்றோர்களுக்குப் போன் போட ஆரம்பித்தாள். “நாளைக்கு வேன் வராதுங்க. காரணத்த இவரே சொல்வாரு.”

முதலில் போனை எடுத்த தாய் லேசில் விடவில்லை. “ஸார், பிரேக் இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க.”

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஓடும்போது நிக்குதுங்க. நிறுத்தினாத்தான் ஓடுது.”

அவள் அடுத்த எண்ணைத் தட்டி அவர் காதருகே நீட்டினாள்.