மொழிக் கூட்டத்துக்கு மைக் கட்டினேன்

மைக் செட் போடுறவனுக்குக் கட்சி கிடையாது, காது மட்டும்தான் உண்டு. பேச்சு எம்புட்டு நீண்டாலும் பாதியில எழுந்து போக முடியாத என் கூட்டாளிகளுக்கு நான் சொல்றது புரியும்.

ஒன்னு, ரெண்டு, மூணு

இந்தித் திணிப்பை எதிர்த்துத் திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு தமிழ் அமைப்போட ஆர்ப்பாட்டம். குழாய் ஸ்பீக்கரெல்லாம் கட்டி முடிச்சு, பழக்க தோஷத்துல மைக்கை எடுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ"ன்னுட்டேன். அமைப்போட செயலாளர் முகம் சுண்டிப் போச்சு. நல்ல மனுஷன், வக்கீல். பக்கத்துல வந்து, தமிழுக்கான கூட்டம் பாய், தமிழ்லயே சோதிக்கலாமேன்னார்.

அவர் கேட்டதும் நியாயந்தானே. தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஒன்னு... ரெண்டு... மூணு"ன்னு நிறுத்தி நிதானமாச் சொன்னேன். எதிர்ல கூடை வச்சிருந்த பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்துச்சு.

"என்ன பாய், எதையாவது ஏலம் விடப் போறீகளா?"

பிரியாணிக் கடை வாசல்

அடுத்த வாரம், பெயர்ப்பலகையைத் தமிழ்ல எழுதச் சொல்லிக் கடை கடையாப் பிரச்சாரம். ஆட்டோ மேல குழாய் கட்டி, வண்டி ஓட்டுனது என் ஆள் சூரஜ். பீகார்க்காரன். தோல் பதனிடுற ஷாப்புக்கு வேலைக்கு வந்தவன், பிறகு என்கிட்டச் சேர்ந்துட்டான். முட்டி தேஞ்சதுலேருந்து நான் கம்பம் ஏறுறதில்லை. ஏறுறது, கட்டுறது, இறக்குறது எல்லாம் அவன்தான்.

வழியில என் மச்சான் பிரியாணிக் கடை. பலகை முழுக்க இங்கிலீஷ். அமைப்புப் பசங்க வாசல்ல நின்னு கோஷம் போட்டாங்க. மச்சான் கோபப்படலை. நாளைக்கே ஆளை விட்டு எழுதிப்புடுறேன்னு ஒத்துக்கிட்டான். அதோட நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கணுமே.

"எம் பலகை கெடக்கட்டும் வக்கீலய்யா, உங்க வண்டிய ஓட்டுறது யாருன்னு கேட்டீகளா?"

ஆளை மாத்துங்க

மறுநாள் செயலாளர் என் கடைக்கு வந்துட்டார். பெரிய பொதுக்கூட்டம் வருது, வடக்கத்திக்காரன் மேடைப் பக்கம் வரக்கூடாதுன்னு பசங்க முறைக்கிறாங்க, ஆளை மாத்துங்க பாய்ன்னார். சூரஜ் இல்லேன்னா மைக்கும் இல்லைன்னுட்டேன். சொல்லிட்டேனே தவிர, அந்த அமைப்போட கூட்டம் எல்லாம் நமக்குத்தான் வரும். அதை விட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

வயரைச் சுத்திக்கிட்டிருந்த சூரஜ் எல்லாத்தையும் கேட்டுட்டான். எனக்காகச் சண்டை வேணாம் பாய், நான் தோல் ஷாப்புக்கே திரும்பிப் போறேன்னான். செயலாளருக்குச் சங்கடமாப் போச்சு. உன் மேல எங்களுக்குக் கோபமில்லைப்பா, உன் பாஷையை எங்க மேல ஏத்துறதுலதான் கோபம்னார். சூரஜ் வயரைக் கீழ வச்சான்.

"அது எம் பாஷை இல்லண்ணே. எங்காத்தா பேசுறது போஜ்புரி, பள்ளிக்கூடத்துல அதைப் பேசினா வாத்தியார் வெளிய நிறுத்துவாரு."

செயலாளர் டீயைக் குடிக்காமலே எழுந்து போயிட்டார்.

மேடையில ஒரு குரல்

அவர்கிட்டேருந்து வேற தகவல் வரலை. கூட்டத்தன்னைக்கு அதே மணிக்கூண்டுப் பக்கம் சூரஜைத்தான் கூட்டிட்டுப் போனேன். பசங்க முணுமுணுத்தாங்க. ஒருத்தன் மட்டும் ஏணியைப் பிடிச்சான். கட்டி முடிச்சதும் நான் மைக்கை எடுக்கப் போக, செயலாளர் என் கையிலேருந்து வாங்கி அவன்கிட்டக் கொடுத்தார். உங்கம்மா பாஷையில சோதிச்சுப் பாருன்னார்.

ஊரெல்லாம் மைக் கட்டினவன், ஒருநாளும் அதுல பேசினதில்லை. செத்த நேரம் அப்படியே நின்னான். அப்புறம் ஒரே மூச்சுல நீளமா ஏதோ கூப்பிட்டான். மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தருக்கும் புரியலை. பூக்காரம்மாதான், என்னய்யா சொன்னேன்னு கேட்டுச்சு. இருட்டிருச்சு, மாட்டைக் கட்டிட்டுச் சோறு திங்க வாடான்னு ஆத்தா கூப்பிடுறதும்மான்னு மைக்கிலேயே தமிழ்ல சொன்னான்.

"அதுக்கா இம்புட்டு நேரம் நின்னே? சோறு ஆறிப் போயிருக்குமேய்யா."

அன்னையிலேருந்து அவங்க கூட்டத்துக்கெல்லாம் சோதனைக் குரல் சூரஜோடதுதான். பழக்கத்துல நான் மைக்கைத் தொட்டா மட்டும், ஆளை மாத்துங்க பாய்னு செயலாளர் ஓடி வர்றார்.