நூற்றில் எட்டு

கரண்ட் போனால் பிடுங்கிப் பார்ப்போமே, அந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, அதைச் செய்கிற யூனிட்டில்தான் எனக்குச் செக்கிங் வேலை. என் மனைவிக்கும் அங்கேதான். பல வருடம் களிமண் சுமந்து தோள்பட்டை விட்டுப்போனதால், அவளைக் கிளேஸ் தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். சூளைக்குப் போகும் முன் கட்டையைப் பால் மாதிரியான கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அந்த மினுமினுப்பு அதில்தான் வருகிறது. முக்கியமாக, உட்கார்ந்தே செய்யலாம்.

அவள் முக்கியெடுத்த முதல் லோடு சூளையில் வெந்து வந்தது. மேல் தட்டிலிருந்து பத்து எடுத்தேன். மூன்றில் கிளேஸ் பிடிக்காமல் ஊசிப்புள்ளி. வழக்கமாக நூற்றுக்கு ஐந்துதான் அப்படிப் போகும். முதலாளியும் பார்த்துவிட்டார்.

"யோவ், உன் வூட்டம்மாவ மறுபடியும் மண்ணுக்கே அனுப்பிடலாமா?"

தொட்டியடியிலிருந்து, திரும்பாமலே, அவள் சொன்னாள்: "ஏங்க, மேல் தட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா? அங்க சூடு ஜாஸ்தி. எல்லாத் தட்டுலயும் கலந்து எடுங்க."

தபால் வழிப் படிப்பில் புள்ளியியல் தாளை மூன்று முறை எழுதித் தேறியவன் நான். அந்தப் புத்தகத்தின் முதல் பாடமே இதுதான்.

எல்லாத் தட்டிலிருந்தும் கலந்து நூறு கட்டை எடுத்துப் பார்க்க முதலாளியிடம் அனுமதி வாங்கினேன். அவள் கையும் வழக்கமான ஐந்துக்காரக் கைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் நூறு எடுத்தால் ஆறு வரலாம், ஏழு வரலாம், எட்டுகூடத் தற்செயலாக வரலாம். ஒன்பதும் அதற்கு மேலும் அப்படி வருவது அபூர்வம். வந்தால் கையில்தான் கோளாறு. எண்ணும் முன்பே சுவரில் சாக்பீஸால் '9' என்று எழுதினேன். எண்ணிய பிறகு எழுதியிருந்தால் பதினைந்து என்று எழுதியிருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா?

தொண்ணூற்று மூன்றாவது கட்டையில் எட்டாவது பழுது. அதன் பிறகு மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. நூறாவதை எடுத்தேன். நடுவில் ஒரு புள்ளி! முதலாளி வாங்கித் துண்டால் துடைத்தார். புள்ளி போய்விட்டது.

"உன் வேர்வைய்யா இது. கட்டைக்கு ஒண்ணுமில்ல, ஒனக்குத்தான் கோளாறு. சரி, அந்தம்மா வேலை சுத்தம்னு எழுதிக்கலாமா?"

சந்தோஷத்தில் ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மூன்று முறை படித்த பாழாய்ப்போன பாடம் விடவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க மொதலாளி. கோளாறுன்னு சொல்ல ஆதாரம் பத்தல, அவ்ளோதான்."

"இன்னிக்கு ஒனக்கு வூட்டுல சோறு கெடையாது" என்று சிரித்துக்கொண்டே போனார். "அந்தம்மா தொட்டியிலயே இருக்கட்டும்."

நான் தொட்டியடிக்குப் போய் நின்றேன்.

"அவ நல்லா செய்யறான்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா?"

"கணக்கு அப்படித்தான்மா. வேணாம்னு தள்ள முடியலன்னுதான் சொல்லும். நல்லதுன்னு சொல்லாது."

அவள் முக்கியெடுத்த கட்டையைத் தட்டில் வைத்தாள். "பொண்ணு பாத்துட்டு நீங்க போனதும், எங்கப்பா என்னையக் கேட்டாரு, மாப்பிள்ளையப் புடிச்சிருக்கான்னு. வேணாம்னு சொல்ல ஒண்ணும் தோணலப்பான்னேன். அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

"வேணாம்னு சொல்ல இத்தன வருஷத்துல ஒண்ணுமா தோணல?"

"எட்டு வந்துருக்குது" என்றாள், சுவரிலிருந்த '9'-ஐப் பார்த்தபடி. அடுத்த கட்டையை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக முக்கினாள்.