பிஸ்கட் டின்னில் போன குழந்தை

கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் இப்போதெல்லாம் தீபாவளிக் கோலத்தைக் கூட்டிப் பெருக்குவதற்குள் கிறிஸ்துமஸ் மரம் வந்துவிடுகிறது. பஞ்சுப் பனி, கலைமான், தள்ளுபடி எல்லாம் உண்டு. யாருடைய பிறந்தநாள் என்ற விவரம் மட்டும் எங்கும் இருக்காது. சுங்க இலாகாவில் காலம் தள்ளிய எனக்கு, முக்கியமான சரக்கு இல்லாமல் பொட்டலம் மட்டும் வந்து சேர்வது புதிதல்ல. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அது நடந்திருக்கிறது.

அப்போது கிள்ளானில், வரிசை வீடொன்றில் இருந்தோம். அந்த ஆண்டின் நடுவில் அம்மா பெரிய வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியிருந்தார். தம்பி சாமியிடம் போய்விட்டான் என்றார்கள். சாமியிடம் போனவன் பண்டிகைக்காவது வருவான் என்று இருந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, குடிலில் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் முன்னதாகவே வந்துவிடும். குழந்தை இயேசு மட்டும் வராது. பண்டிகைக்கு முதல்நாள் மாலைச் செபத்தில், வீட்டின் கடைசிப் பிள்ளை அதைத் தூக்கி வந்து முன்னணை என்கிற வைக்கோல் தொட்டிலில் கிடத்தவேண்டும். அது என் பதவி.

அந்த வருடம் அம்மா குழந்தை இயேசுவின் சொரூபத்தைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் வைத்திருந்தார். மறுநாள் விருந்துக்கு ஊரையே அழைத்திருந்த அத்தை, அதே மாதிரி டின்களில் முறுக்கும் அச்சுமுறுக்கும் நிரப்பி அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அம்மாவின் டின்னும் அவற்றோடு போய்விட்டது செபத்துக்கு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"அந்த டின்னா? அதெல்லாம் குடுத்து முடிச்சாச்சு லா," என்றார் அத்தை. "ஒரு பொம்மைக்கு என்ன இவ்வளவு? வேற வாங்கிக்கலாம். ரெண்டாங் கோழி இன்னும் அடுப்புல ஏறல."

அம்மா குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

அத்தை வாயை மூடிக்கொண்டார். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கொடுத்த பலகாரத்தைத் திரும்பக் கேட்க எந்த நடைமுறையும் இல்லை. எதிர்வீட்டுச் சீனத் தாத்தா டின்னைத் தாராளமாக நீட்டினார். அப்பா முறுக்குக்குள் கைவிட்டுத் துழாவியதைப் பார்த்து, இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளும்படி உபசரித்தார். மற்ற வீடுகளிலும் முறுக்குதான். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அது ரயில்வேக்காரர் வீடு. மீதி டின்கள் வாங்கியவர்களோடு வெளியூருக்கே போய்விட்டிருந்தன. அப்பாவின் பிடியில் என் கை வலித்தது.

வெறுங்கையோடு திரும்பிக் கேட்டைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். ரயில்வேக்காரர் வீட்டு அக்கா. ஒரு கையில் மல்லிகைச் சரம். மறுகையில், மார்போடு சேர்த்து, புதுத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"பலகாரம்னு தொறந்தேன் அண்ணே. உள்ள பச்சப்புள்ள படுத்திருக்கு! சும்மா எப்படித் தூக்கிட்டு வர்றது? பூ வாங்கப் போனேன், பாசார்ல ஒரே கூட்டம்."

நேரே உள்ளே போனார். அம்மாவின் மடியருகே குனிந்தார்.

"தலையப் புடிச்சுக்குங்கக்கா."

அம்மா தலையைப் பிடித்துத்தான் வாங்கினார். துண்டு விலகியது. குழந்தை இயேசுவின் கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு.

"அடக் கடவுளே, ஆண்டவருக்கே திருஷ்டியா?" என்று அத்தை ஈரத்துணியோடு வந்தார். அம்மா சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த முதுகு குலுங்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதில் கையை வைத்துக்கொண்டார். அடுக்களையில் எதுவோ தீய்ந்தது. அத்தைகூட அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரம் ஆகிறது, முன்னணை காலியாக இருக்கிறது, அம்மாவானால் என் வேலையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயதிலேயே எனக்கு விதிமுறை முக்கியம். அம்மாவின் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"குடுங்கம்மா. வீட்டுல கடைசிப் புள்ள நான்தானே?"

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.