ஒரு சாட்சிக்கு மூன்று வழக்கு

அன்றைக்குப் புதுச்சேரி முன்சீப் கோர்ட்டில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், அவரவர் வக்கீல்கள் இருந்தார்கள், எதிர்த்தரப்புக்காரர் சலவைச் சட்டையில் இருந்தார், கக்கத்தில் காகிதக் கட்டோடு நான் இருந்தேன். பெரியம்மா வரவில்லை. அவருடைய வக்கீல் மட்டும் எழுந்து, "என் கட்சிக்காரர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று வழக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து விசாரிக்கவேண்டும் என்று கேட்கும் மனு அது. நீதிபதி புரட்டிப் பார்த்தார். "மூணு வாதியில ரெண்டு பேர்தான் கேக்கறீங்க. மூணாவது வாதிக்குச் சம்மதமான்னு திங்கட்கிழமை சொல்லுங்க" என்றார்.

பாகூர் ஏரியிலிருந்து வரும் கிளை வாய்க்கால் ஒன்றுதான் எங்கள் நிலத்துக்குத் தண்ணீர். தாத்தாவுக்குப் பிறகு அந்த நிலம் மூன்று பாகமானது. பெரியப்பாவின் பாகம் அவர் போனபின் பெரியம்மாவுடையது. மற்ற இரண்டும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். பாகம் பிரித்த சண்டையில் பெரியம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு மேட்டு நிலத்தைப் புதிதாக வாங்கியவர் வாய்க்காலைத் தூர்த்து, மேலே வரப்பும் போட்டார். மூன்று வீடும் மூன்று வக்கீலைப் பிடித்து மூன்று வழக்குப் போட்டன. நிலத்தைப் பிரித்தவர்கள் வழக்கையும் பிரித்தே போட்டதில் ஊரில் யாருக்கும் வியப்பில்லை.

மூன்று வீட்டிலும் படித்தவன் நான் ஒருவன். அதனால் வக்கீல் கொடுத்த காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு வீடும் என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டது. பெரியம்மாவும் கூப்பிட்டார், என்னோடு அவருக்குக் கோபமில்லை. "அடுத்த வூட்ல சொல்லிடாதடா" என்று மூவரும் சத்தியம் வாங்கினார்கள். நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? பெயரையும் பரப்பளவையும் எடுத்துவிட்டால் மூன்றும் ஒரே வழக்கு. ஒரே வாய்க்கால், ஒரே பிரதிவாதி, ஒரே சாட்சி.

அந்தச் சாட்சியால்தான் அவசரம். மேட்டு நிலத்தை விற்றவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்போம், நேரில் மரியாதைக்கு முசியே என்று கூப்பிடுவோம். தன் நிலத்தின் வழியாகத்தான் காலங்காலமாக எங்களுக்குத் தண்ணீர் வந்தது என்று கோர்ட்டில் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. மாதக் கடைசியில் அவர் பிரான்சிலிருக்கும் மகனோடு தங்கப் போகிறார், டிக்கெட்டும் வந்துவிட்டது. எங்கள் வழக்குகளுக்கோ மூன்று வெவ்வேறு வாய்தா.

"மூணு தடவை வரணும் முசியே" என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நான் இன்னா பள்ளிக்கூடத்துப் பையனா, கூப்ட்டப்பல்லாம் எழுந்து நிக்க? ஒரு வாட்டி வருவேன். கேக்கறதெல்லாம் அன்னிக்கே கேட்டுக்குங்க."

ஒரு வழக்கில் சொன்ன சாட்சியம் இன்னொன்றுக்குத் தானாகச் செல்லாது. சேர்த்து விசாரித்தால் செல்லும் என்றார் அப்பாவின் வக்கீல். அதைக் கேட்டதுமே வழி இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனு அப்படித்தான் பிறந்தது.

கோர்ட்டிலிருந்து திரும்பியதும் நேராக வயலுக்குப் போனேன். பெரியம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நாற்றங்காலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஓரத்து நாற்று மஞ்சளாகியிருந்தது.

"வாடா வக்கீலு. உங்கப்பன் அனுப்பிச்சானா?"

"இல்ல பெரிம்மா, நானாத்தான் வந்தேன்."

"கேஸைச் சேக்கணுமாமே. இன்னிக்குக் கேஸு, நாளைக்கு நெலமா? இதப் பிரிச்சி வாங்க நான் எத்தினி நாளு அழுதேன்னு உனுக்குத் தெரியுமா?"

அவர் வராத காரணம் அப்போதுதான் புரிந்தது. "நெலம் அப்பிடியேதான் கெடக்கும் பெரிம்மா. கேஸ் நம்பரு மூணும் மூணாவே இருக்கும். விசாரணை மட்டும்தான் ஒண்ணு. தீர்ப்பு ஒண்ணு வரும், டிக்ரி மூணு வரும். உங்க டிக்ரியில உங்க பேரு மட்டும்தான்."

"சொல்தா சொல்றத எந்தக் கேஸுல எழுதுவாங்க?"

படிக்காதவர் கேட்ட கேள்வி அது. "ஒண்ண முதல் கேஸா வச்சி அதுல எழுதுவாங்க. மத்த ரெண்டும் அதையே எடுத்துக்கும்."

"யாருது முதலு?"

"அப்பாது. அவருதான் முன்னால போட்டாரு."

குடத்தைக் கீழே வைத்தார். "மூத்தவரு பொண்டாட்டிடா நான். நான் போயி உங்கப்பன் பின்னால நிக்கறதா? என்னுது முன்ன இருந்தா கைநாட்டு வக்கிறேன். இல்லன்னா சொல்தா பிளேன் ஏறட்டும். நான் குடத்துலயே ஊத்திக்கிறேன்."

எதை முதல் வழக்காக வைப்பது என்பதற்குக் கட்டாயம் ஒன்றுமில்லை என்று வக்கீலிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அப்பா விட்டுக்கொடுப்பாரா என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் சித்தப்பா சிரித்தார்.

"அண்ணி வக்கீலு வாயத் தொறந்தாலே பத்து ரூவாய்ணே. அவுங்களுத முன்ன வச்சா அந்தாளுதான் சாட்சிய வெசாரிப்பாரு. யாரு குடுக்கறது?"

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். "அண்ணன் இருந்திருந்தா அவருதான முன்ன போயிருப்பாரு? அவுங்களுதே இருக்கட்டும். செலவு மூணு பங்கு."

திங்கட்கிழமை பெரியம்மா வந்தார். அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சின் அடுத்த கோடியில் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்துப் பார்த்தார். மூன்று பேருக்கும் வாய்க்கால் ஒன்றுதானே என்று கேட்டு, நீதிபதி கூட்டு விசாரணைக்கு உத்தரவிட்டார்; பெரியம்மாவின் வழக்கு முதல் வழக்கானது. சொல்தாவின் சாட்சியம் அதே வாரம்.

சொல்தா கோட்டுப் போட்டு வந்தார். வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார்.

"சின்ன வயசுல தாண்டிக் குதிப்பேன். இப்ப நடந்தே போலாம், அதான் மூடிட்டீங்களே."

நீதிபதியே சிரித்துவிட்டார். ஒரே நாளில், ஒரே சாட்சியம், மூன்று வழக்குக்கும் பதிவாயிற்று. நாலாம் நாள் சொல்தா விமானம் ஏறினார்.

வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. அதற்குள் மூன்று வீட்டு நாற்றும் பாதிக்குமேல் கருகி, வெளியில் நாற்று வாங்கித்தான் நட்டோம். வக்கீல் ஃபீஸ், ஸ்டாம்பு, சொல்தாவை அழைத்துவர எடுத்த வாடகைக் கார், நாற்றுக்கட்டு எல்லாவற்றையும் நானே எழுதிக் கூட்டி, மூன்று வீட்டிலும் உரக்கப் படித்தேன். இந்த முறை யாரும் சத்தியம் வாங்கவில்லை. மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்; வீட்டுக்கு முந்நூற்று எழுபத்திரண்டு.